2.5 வயரில் 25 ஆம்ப் எம்சிபி போடலாமாம்!

எர்த்குழி:
இந்த மன்றத்தின் சமையலறை பிளக் இழையில் ஒரு மகானுபாவர் அருளியிருப்பது: "ஏசிக்கு இழுத்த 2.5 ஸ்கொயர் லைன்லயே ரெண்டு 16 ஆம்ப் பிளக் லூப் எடுத்துக்கலாம். டிரிப் ஆனா 20 எம்சிபியைக் கழட்டிட்டு 25 போடுங்க, வேலை முடிஞ்சது." இதற்கு வரிசையாக நன்றி வேறு. (லூப் என்றால் ஓடும் லைனிலிருந்தே கிளை எடுப்பது. எம்சிபி என்றால் கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்.)

வேலை முடியாது, வயர்தான் முடியும். சுவருக்குள் பைப்பில் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 20 ஆம்ப் சுமாரான எல்லை. 25 எம்சிபி 28 ஆம்ப் ஓடினாலும் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும். 36 ஆம்ப் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும்.

லூப்மன்னன்:
மகானுபாவர் நான்தான். கணக்கு தெரியாம எழுதல. இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், 8.7 ஆம்ப். ஒன்றரை டன் ஏசி 8 ஆம்ப்னு வைங்க. மொத்தம் கிட்டத்தட்ட 17. 28 எங்கிருந்து வந்துச்சு? கனவுலயா?

எர்த்குழி:
17தான் என்றால் 20 எம்சிபி ஏன் விழுகிறது? 25 எதற்கு? இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

லூப்மன்னன்:
கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கிற இழுப்புல விழுது. எல்லா வீட்லயும் நடக்கிறதுதான்.

எர்த்குழி:
அதற்கு மருந்து ஆம்பை ஏற்றுவதில்லை, எம்சிபியின் ரகத்தை மாற்றுவது. பி ரகம் தன் ஆம்பைப் போல 3 முதல் 5 மடங்கில் சட்டென்று விழும், சி ரகம் 5 மடங்கு வரை பொறுத்து 5 முதல் 10 மடங்கில்தான் சட்டென்று விழும். 20 ஆம்ப் சி போட்டால் கம்ப்ரசர் கிளம்பும், வயரும் பிழைக்கும். சி ரகம் போட்டும் விழுந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேட வேண்டும்.

செவன்பைட்வென்ட்டி:
எதுக்குப்பா சண்டை. 7/20 இழுத்துட்டுப் போங்க. அந்தக் காலத்து வயரிங் இன்னும் ஓடுது.

சதுரமிமீ:
7/20 என்றால் 20 கேஜ் கம்பி ஏழு, ஏறக்குறைய 4.6 சதுர மில்லிமீட்டர். மேலும் "ஸ்கொயர்" என்பது அளவே இல்லை. எதன் ஸ்கொயர்? இதை மூன்று இழைகளில் சொல்லிவிட்டேன்.

செவன்பைட்வென்ட்டி:
கடையில "சதுர மில்லிமீட்டர் நாலு கொடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க ஐயா, ஃபேன் ரெகுலேட்டரை எடுத்துக் கொடுப்பான்.

லூப்மன்னன்:
வயர் சுருள் அட்டையில 2.5க்கு 20ஐ விட அதிகமாத்தான் போட்டிருக்கான். கம்பெனிக்காரனை விட இவருக்கு அதிகம் தெரியுமா?

எர்த்குழி:
அட்டையை முழுதாகப் படியுங்கள். பெரிய எண் திறந்த காற்றில் ஓடும் வயருக்கு. பைப்புக்குள் வேறு எண். அதே பைப்பில் இன்னொரு சர்க்யூட்டும் போனால் 0.8ஆல் பெருக்க வேண்டும், 20 ஆம்ப் 16 ஆகிவிடும். மொட்டை மாடி கான்கிரீட்டுக்குள், மே மாதத்தில், இன்னும் குறையும். அதன் தலையில் 25 எம்சிபி. 28 ஆம்ப், ஒரு மணி நேரம். மறக்க வேண்டாம்.

புதுவீடு:
சார், கரண்ட் கசிஞ்சா விழுற ஆர்சிசிபி இருக்கே, அது காப்பாத்தாதா?

எர்த்குழி:
ஓவர்லோடுக்குக் காப்பாற்றாது. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி பேஸிலும் நியூட்ரலிலும் ஓடும் கரண்ட்டில் வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். அதுவும் லூப் எடுக்கும்போது பேஸை ஏசி லைனிலும் நியூட்ரலைப் பக்கத்து லைட் பாயிண்டிலும் எடுத்துவிடுவார்கள் நம் ஆட்கள். இரண்டு லைனும் வேறு வேறு ஆர்சிசிபியில் இருந்தால் அது விழுந்துகொண்டே இருக்கும். இல்லையென்றால் லைட் லைனின் 1.5 நியூட்ரல் சத்தமில்லாமல் வேகும்.

லூப்மன்னன்:
பேஸ் எங்கயோ அங்கயே நியூட்ரல், இது கூடத் தெரியாமலா லூப் எடுக்கிறோம்? போன மாசம் இன்வெர்ட்டர் இழைல நான் திருத்தினதுக்குப் பழி வாங்குறீங்க, அவ்வளவுதான்.

எர்த்குழி:
அந்த இழையில் "மெயினை அணைச்சா போதும், தைரியமா கை வைங்க" என்று எழுதியவர் யார்? மெயின் அணைந்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் நிற்கும். இரண்டையும் அணைத்து, சோதனை பல்பான சீரிஸ் லேம்ப்பையோ மல்டிமீட்டரையோ முதலில் உயிருள்ள பிளக்கில் வைத்துப் பார்த்து, பிறகு பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றும் பார்க்க வேண்டும். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பக் கூடாது.

செவன்பைட்வென்ட்டி:
டெஸ்டரைக் குறை சொல்லாதீங்க. செருப்பைக் கழட்டிட்டுப் பார்த்தா எரியும்.

சதுரமிமீ:
இப்படியும் ஒரு ஆலோசனை.

புதுவீடு:
அப்போ கூடுதல் பிளக்குக்கு என்னதான் செய்யணும்?

எர்த்குழி:
டிபி என்ற மெயின் விநியோகப் பெட்டியிலிருந்து தனி லைன். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் 4 சதுர மில்லிமீட்டர். 20 ஆம்ப் சி எம்சிபி, மேலே 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி. சாக்கெட்டை நேராகப் பார்த்தால் எர்த் மேலே, பேஸ் வலது கை, சுவிட்ச் பேஸில். நடுவழியில் முறுக்கி டேப் சுற்றும் ஜாயிண்ட் சுவருக்குள் கூடாது. இருந்தால் திறக்கக்கூடிய பாக்ஸுக்குள் கனெக்டர் போட்டு. மூணு பேஸ் வீடு என்றால் ஒரே சுவிட்ச் பாக்ஸில் இரண்டு பேஸைக் கலக்காதீர்கள், இரண்டுக்கும் நடுவே 400 வோல்ட். லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துச் செய்யுங்கள்.

லூப்மன்னன்:
டேப் நல்லா இறுக்கிச் சுத்தினா கனெக்டரை விட நிக்கும். கனெக்டர் ஸ்க்ரூ லூசாகும், டேப் லூசாகாது.

எர்த்குழி:
டேப் மின்காப்பு. பிடிப்பு கொடுப்பது அதன் வேலை இல்லை. முறுக்கு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், பசை உருகும். பேச்சை மாற்ற வேண்டாம். 2.5 வயர், 25 எம்சிபி: சொன்னதைத் திரும்பப் பெறுகிறீர்களா?

லூப்மன்னன்:
4 ஸ்கொயர் போட்டா 25 போடலாம்தானே? அதைத்தான் நானும் சொன்னேன்.

எர்த்குழி:
"2.5 ஸ்கொயர் லைன்" என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். மேலே இருக்கிறது.

சதுரமிமீ:
சதுர மில்லிமீட்டர்.

லூப்மன்னன்:
17 ஆம்ப்தான் ஓடுதுன்னு எத்தனை தடவை சொல்றது?

எர்த்குழி:
28. ஒரு மணி நேரம்.