அடையாறு முகத்துவாரம்: ஆமை முட்டைகளை இடம் மாற்றுவது சரியா?

கழிமுகவாசி:
நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கரையோரம் நடந்து, பங்குனி ஆமை என்னும் கடலாமையின் முட்டைகளை எடுத்துவந்து குஞ்சு பொரிப்பகத்தில் புதைக்கும் பணியை மாணவர்கள் 1988 முதல் ஊதியமின்றிச் செய்து வருகிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். நெடுங்கரையில் சிதறிக் கிடக்க வேண்டிய கூடுகளை ஒரே வேலிக்குள் அடுக்கினால், அந்த ஓரிடத்து மணலே அத்தனை குஞ்சுகளின் பாலையும் தீர்மானித்துவிடும். கூடுகளை இட்ட இடத்திலேயே விடுவதுதான் முறை.

இரவுநடை:
அதற்கு இருண்ட கரை வேண்டுமே! வெளிச்சம் மிகுந்த பக்கம் நோக்கியே குஞ்சு நகரும். எலியட்ஸ் கடற்கரையில் அது சாலை விளக்குதான். நாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சூடு மிகுந்தால் பொரிப்பகத்தின்மேல் நிழல் வலை கட்டலாம். இடமாற்றமும் கண்மூடித்தனமாக நடப்பதில்லை: தாய் தோண்டிய குடுவை வடிவக் குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, அதே அளவில் புதுக்குழி தோண்டி, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளைப் புரளாமல் வைக்கிறார்கள். கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டபின் முட்டை புரண்டால் கரு அழிந்துவிடலாம் என்பதால், முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

குப்பத்துப் படகு:
நீங்கள் இருவரும் மணலை விட்டு இறங்கவே இல்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியவை குஞ்சுகள் அல்ல, வளர்ந்த ஆமைகள். இழுவலைக்குள் சிக்கிய ஆமை மூச்சு வாங்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை இழுக்கக் கூடாது என்ற விதி ஏட்டில் இருக்கிறது. பைபர் படகில் போகும் எங்கள் வலைகளை அறுப்பவையும் அதே படகுகள்தான். ஆயிரம் குஞ்சுக்கு ஒன்று தேறும் என்கிறார்கள். அப்படியானால் ஒரு தாய் ஆமையை ஈடுகட்ட எத்தனை கூடுகளைக் காப்பாற்ற வேண்டும், தம்பி?

கழிமுகவாசி:
என் மனக்குறையும் அதுவே. குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைகளில் படமெடுக்கக் கூடும் கூட்டத்தில், இழுவலையில் ஆமை தப்பும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்பவர் யார்?

இரவுநடை:
செத்த ஆமைகளைக் கரையில் எண்ணியவர்களில் இந்தத் தன்னார்வலர்களும் உண்டு. அந்த எண்ணிக்கை செய்தியானதால்தான் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. நடை நின்றால் கடலில் நடப்பதற்குச் சாட்சியும் போய்விடும். இட்ட இடத்தில் கூட்டை விடுவதையும் நான் முழுதாக மறுக்கவில்லை. முட்டைக் காலத்தில் கரையோர விளக்குகளை அணைத்து, நாய்கள் தோண்டாதபடி கம்பி வலை போட்டு, இரவுக் காவலும் நிற்கும் ஒரு பகுதியைக் காட்டுங்கள், அங்கிருந்து ஒரு முட்டையையும் எடுக்க வேண்டியதில்லை.