2ஜேஇசட் இன்ஜினுக்குப் பலமான கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) எங்கே வாங்கலாம்? எக்ஸாஸ்ட் லோப் (அதில் புகை வால்வை அழுத்தும் மேடு) கீறிப்போய்விட்டது

வளைவு31 (கிள்ளான்)

வணக்கம் அண்ணன்மார்களே. என்னிடம் இருப்பது நிசான் செஃபீரோ ஏ31. உள்ளே டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜின். ஜேஇசட்எஸ்147 அரிஸ்டோ ஹாஃப்-கட்டிலிருந்து (பாதியாக வெட்டி வந்த பழைய கார்) எடுத்தது, விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தைத் தானாக மாற்றும் அமைப்பு) இல்லாத பழைய ஹெட் (கேமும் வால்வும் இருக்கும் மேல்பகுதி). ஒற்றை டர்போ, பம்பில் வாங்கும் 97 ஆக்டேன் பெட்ரோல். டிரிஃப்டுக்கு மட்டும்தான், சாலையில் ஓடாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவேன்.

ஆறு மாதத்துக்கு முன் 264 (வால்வைத் திறந்து வைக்கும் கோணம், டிகிரியில்) கேம் ஜோடி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டேன். கூடவே இரட்டை வால்வு ஸ்பிரிங். முதல் இரண்டு பந்தயத் தட நாள் அருமையாக ஓடியது. மூன்றாவது முறை ஹெட் பக்கம் டிக் டிக் என்று சத்தம். 6,500 ஆர்பிஎம்-க்கு மேல் மூச்சு வாங்குகிறது. கவரைத் திறந்தால் 4ஆம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் லோப் இரண்டிலும் நகத்தால் உணரும் அளவுக்குக் கோடு. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய லோப்புக்கு அடியில் வைக்கும் வட்டத் தகடு) மேலேயும் அதே கோடு. 2ஆம் சிலிண்டரில் லேசாக. மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

வொர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள், வார்ப்பிரும்பு கேம் இந்த பவருக்குத் தாங்காது, பில்லெட் ஸ்டீல் (முழு எஃகுக் கட்டியில் வெட்டியெடுத்த) கேம்தான் வேண்டும் என்று. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பலமான கேம் நியாயமான விலையில் எங்கே கிடைக்கும்? யாராவது வாங்கியிருக்கிறீர்களா?

பழையஇரும்பு (ஈப்போ)

தம்பி, பணத்தை எடுக்காதே, கொஞ்சம் பொறு.

பலமான கேம் என்று நம் ஆட்கள் சொல்லும்போது இரண்டு அர்த்தம் வரும். ஒன்று, வால்வை இன்னும் உயரத் தூக்கி இன்னும் நேரம் திறந்து வைக்கும் கேம். இன்னொன்று, தேயாத, உடையாத கேம். நீ கேட்பது இரண்டாவது. ஆனால் உன் பிரச்சினை இரும்பு வகையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. 1991-இல் அரிஸ்டோவில் வந்ததிலிருந்து இந்த இன்ஜின் வார்ப்பிரும்புக் கேமோடுதான் ஓடுகிறது. ஸ்டாக் கேமை மாற்றாமலேயே 500 குதிரைத்திறனைத் தாண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள். குதிரைத்திறன் லோப்பைத் தின்னாது. லோப்பைத் தின்பது ஸ்பிரிங் அழுத்தம், எண்ணெய், லோப்புக்கும் ஷிம்முக்கும் நடுவே தப்பான இடைவெளி, இந்த மூன்றும்தான்.

பன்னிரண்டு எக்ஸாஸ்ட் லோப்பில் நான்கு மட்டும் கெட்டிருக்கிறது. இரும்பே சரியில்லை என்றால் எல்லாம் அல்லவா போயிருக்க வேண்டும்?

இதற்கெல்லாம் பதில் சொல்லு: கேமில் கம்பெனி பெயரோ எண்ணோ பொறித்திருக்கிறதா? கேம் கார்டு (கேமின் அளவுகள் எழுதிய தாள்) கொடுத்தார்களா? பழைய ஸ்டாக் கேம் கையில் இருக்கிறதா? ஒவ்வொரு வால்வுக்கும் இடைவெளி எவ்வளவு, எந்த ஷிம் போட்டாய்? ஸ்பிரிங் எந்த செட், உயரம் அளந்தாயா?

வளைவு31

அண்ணே, பொறித்த எழுத்து எதுவும் இல்லை. வார்ப்பிலேயே எழுந்து நிற்கும் எண் மட்டும் இருக்கிறது. கார்டு தரவில்லை, விற்றவர் "264 தான் பாஸ், நம்புங்க" என்றார். ஸ்டாக் கேம் இரண்டும் ஸ்டோரில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். இடைவெளியைப் பிட்டிங் செய்தவர்தான் பார்த்தார், "கொஞ்சம் லூஸ், பரவாயில்லை" என்றார். ஸ்பிரிங் டிராக் ரேஸ் (நேர்கோட்டுப் பந்தய) காரிலிருந்து கழற்றியது.

சிரம்பான்காரன்

"264 தான் பாஸ், நம்புங்க" 😂 இந்த ஒரு வரிக்காக நான் மூன்று இன்ஜின் பிரித்திருக்கிறேன்.

டூல்ரூம் தேவி (பினாங்கு)

எழுத்து எதுவும் இல்லாமல் வார்ப்பு எண் மட்டும் இருந்தால், அது ஸ்டாக் கேமை எடுத்து மறுபடி அரைத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். நான் கார் ஆள் இல்லை, கிரைண்டிங் ஆள். அதனால் அளவை வைத்தே பேசுகிறேன்.

கேமை அரைக்கும்போது உலோகத்தைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. பிறகு எப்படித் தூக்கும் உயரம் கூடுகிறது? லோப்பின் அடிவட்டத்தைச் சிறிதாக்குவார்கள். அடி இறங்கினால் நுனி உயர்ந்த மாதிரிதானே.

உங்களிடம் ஸ்டாக் கேம் இருப்பது பெரிய அதிர்ஷ்டம். ஒரு மைக்ரோமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வெர்னியர் வேண்டாம். கெடாத லோப் ஒன்றில் நுனியிலிருந்து அடிவரை ஒரு அளவு, அதற்குக் குறுக்கே பக்கத்துக்குப் பக்கம் ஒரு அளவு. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் அதுதான் தூக்கும் உயரம். இரண்டு கேமையும் அப்படி அளந்து எண்ணைப் போடுங்கள். அப்புறம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து, இன்ஜின் ஆறிய நிலையில், லோப் நுனி வால்வுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்போது பன்னிரண்டு எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளியும் வேண்டும்.

வளைவு31

நேற்று இரவு உட்கார்ந்து அளந்தேன் அக்கா. மைக்ரோமீட்டர் பக்கத்துக் கடை தவுக்கேயிடம் (முதலாளி) இரவல்.

ஸ்டாக் எக்ஸாஸ்ட்: 44.30, குறுக்கே 35.90.
264 என்று வாங்கியது: 43.60, குறுக்கே 34.60.

இடைவெளி: 1, 3, 5, 6 சிலிண்டர்களில் எல்லாம் 0.28 முதல் 0.35 வரை. 2இல் 0.41, 0.42. 4இல் 0.52, 0.55. ஷிம்மைக் கழற்றிப் பார்த்தேன், 2லும் 4லும் எல்லாமே 3.30. முன்னாடி 4இல் இருந்த ஷிம் 2.85 என்று என் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

டூல்ரூம் தேவி

நோட்டில் எழுதி வைத்தீர்களே, அதுவே உங்களைக் காப்பாற்றியது. கணக்கு இப்போது தானாக விழுகிறது.

ஸ்டாக்: 44.30 கழித்தல் 35.90, தூக்கும் உயரம் 8.40 மி.மீ. உங்களுடையது: 43.60 கழித்தல் 34.60, 9.00 மி.மீ. மொத்த உயரம் ஸ்டாக்கை விடக் குறைவு, தூக்கும் உயரம் மட்டும் கூட. அரைத்த கேம் என்பதில் சந்தேகமே இல்லை.

அடிவட்டம் விட்டத்தில் 1.30 குறைந்திருக்கிறது, ஆரத்தில் 0.65. கேம் பக்கெட்டை (லோப்புக்கும் வால்வுக்கும் நடுவில் ஷிம்மைத் தாங்கும் கிண்ணம்) விட்டு 0.65 விலகிப் போய்விட்டது. அந்த விலகலை ஷிம்தான் நிரப்ப வேண்டும். 2.85 இருந்த இடத்தில் 3.50 வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் ஷிம் 3.30-ஓடு முடிந்துவிடும். மிச்சம் 0.20. அதை வழக்கமான 0.30-ஓடு கூட்டினால் 0.50. நீங்கள் அளந்தது 0.52. அந்தக் கூடுதல் தேய்மானம்.

முன்பு மெல்லிய ஷிம் இருந்த சிலிண்டர்களில் 3.30-க்குள் சமாளிக்க முடிந்திருக்கிறது, அதனால்தான் அவை கண்ணாடி மாதிரி இருக்கின்றன. உங்கள் 4ஆம் சிலிண்டர் பாவம் எதுவும் செய்யவில்லை.

பழையஇரும்பு

அக்கா சொன்னதோடு இன்னும் ஒன்று. லோப்பில் நேரடியாக ஏற்றம் தொடங்காது. முதலில் ஒரு மெல்லிய சாய்வு இருக்கும். பஸ் ஸ்டாப்பில் நிற்பதற்கு முன் டிரைவர் மெல்லப் பிரேக் பிடிக்கிற மாதிரி. வால்வை அலுங்காமல் தூக்கவும், திரும்ப அலுங்காமல் இருக்கையில் உட்கார வைக்கவும் அந்தச் சாய்வு. எக்ஸாஸ்டுக்கு டொயோட்டா சொல்வது 0.25 முதல் 0.35 வரை, இன்டேக்குக்கு 0.15 முதல் 0.25. சாய்வு இதை நம்பித்தான் அமைந்திருக்கும். 0.52 இருந்தால் சாய்வு முழுக்க வெற்றிடத்திலேயே ஓடிமுடிந்து, செங்குத்தான பக்கம் வந்து ஷிம்மில் அறைகிறது. நீ கேட்ட டிக் டிக் அதுதான். அதன் மேல் டிராக் ரேஸ் கார் ஸ்பிரிங். நீ சுற்றுவது 7,500 ஆர்பிஎம், அதற்கு அவ்வளவு இறுக்கம் எதற்கு?

இன்னொரு ஆபத்து. இந்த ஹெட்டில் ஷிம் பக்கெட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. தடித்த ஷிம் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்க்கும். பெரிய லோப் வேகமாக வந்து ஓரத்தில் தட்டினால் ஷிம் வெளியே தெறிக்கும். தெறித்தால் ஹெட்டையே ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டியதுதான். உனக்கு இன்னும் தெறிக்கவில்லை, குலசாமிக்குத் தேங்காய் உடை.

வளைவு31

அப்படியானால் பில்லெட் கேம் போட்டிருந்தாலும் இதே கதிதானா?

பழையஇரும்பு

அதே இடைவெளி, அதே ஸ்பிரிங் என்றால் கொஞ்சம் தாமதமாக அதே கதி. இல்லாவிட்டால் கேமுக்குப் பதில் ஷிம் தேயும். பில்லெட் வேண்டிய இடம் வேறு. வார்ப்புக் கட்டியில் அடங்காத அளவுக்கு உயரமான லோப் வெட்ட வேண்டும், ஸ்பிரிங் அழுத்தம் மிகக் கூடுதலாக வேண்டும் என்கிற டிராக் ரேஸ் இன்ஜின்கள். அதுவும் மேற்பரப்பை நைட்ரைடிங் மாதிரி எதையாவது செய்து இறுக்கி, கூட உரசும் பக்கெட்டையும் பொருத்தமாக எடுத்தால்தான் பயன். டிரிஃப்ட் காருக்கு அந்தச் செலவு எதற்கு?

டூல்ரூம் தேவி

அரைத்த கேம் என்றாலே குப்பை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒழுங்காகச் செய்பவர்கள் அடிவட்டம் எவ்வளவு, எந்தத் தடிப்பில் ஷிம் வேண்டும், இடைவெளி எவ்வளவு என்று தாளில் எழுதித் தருவார்கள். வார்ப்பிரும்புக் கேமில் லோப் பகுதியை வார்க்கும்போதே சட்டென்று குளிர்வித்து இறுக்கியிருப்பார்கள். அரைத்த பிறகு அந்தக் கடினமான தோல் எவ்வளவு மிச்சம் என்று சோதிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை: ஏற்கெனவே கெட்ட அந்த லோப்பில், ஓரமாக, புது நைஸ் ஃபைலை ஒரு தடவை இழுங்கள். வழுக்கினால் கடினம் இருக்கிறது. கடித்து இரும்புத் தூள் வந்தால் தோல் போய்விட்டது. நல்ல லோப்பில் செய்துவிடாதீர்கள்.

வளைவு31

இழுத்தேன் அக்கா. ஸ்டாக் கேமின் கடைசி ஓரத்தில் (லோப் உரசாத விளிம்பு) கண்ணாடி மேல் இழுத்த மாதிரி வழுக்கியது. அரைத்ததில் 4ஆம் லோப்பில் கரகரவென்று கடித்தது.

சரி, தெளிவாகிவிட்டது. இப்போது எதை வாங்குவது? 272 போடலாமா?

சிரம்பான்காரன்

டிரிஃப்டுக்கு 272 வேண்டாம் பாஸ். நான் போட்டுப் பார்த்து எடுத்தவன். வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது நடுவில் பவர் வேண்டும். 272 உயிர் பெறுவது மேலே, 7,500-ஐத் தாண்டிச் சுற்றுகிறவர்களுக்கு, பெரிய டர்போவுக்கு. நீங்கள் 264-ஐயே எடுங்கள், ஆனால் இந்த முறை பெட்டியோடு.

எச்கேஎஸ், ஜிஎஸ்சி, பிரையன் குரோவர், நியூசிலாந்தின் கெல்ஃபோர்ட், எல்லாரிடமும் 2ஜேஇசட்-க்குக் கேம் உண்டு. நான் வாங்கும்போது பார்ப்பது மூன்று: ஏஜெண்டிடம் பில்லோடு வாங்குவது, கேம் கார்டில் உள்ள எண்ணும் கேமில் பொறித்த எண்ணும் ஒத்துப்போவது, அதே கம்பெனி சொல்லும் ஸ்பிரிங். பெட்டி மட்டும் அழகாக இருக்கிற போலிகள் ஆன்லைனில் ஏராளம். இன்னொன்று, விவிடி-ஐ இல்லாத ஹெட் என்று ஆர்டரில் எழுதிக் கொடுங்கள். இன்டேக் கேம் இரண்டுக்கும் மாறும். விவிடி-ஐ உள்ள ஜேஇசட்எஸ்161 அரிஸ்டோவுக்கானது வந்து இறங்கினால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில்.

பழையஇரும்பு

பக்கெட்டையும் மாற்று. ஷிம் கீழே உட்காரும் வகை, அல்லது ஷிம்மே இல்லாத, தடிப்பு வாரியாக வரும் பக்கெட். தெறிக்கும் பயம் போய்விடும். ஸ்பிரிங் பொருத்தும்போது உயரத்தை அளந்து, வால்வை முழு உயரம் தூக்கும்போது சுருள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன் ஒரு மி.மீ.யாவது மிச்சம் இருக்கிறதா என்று பார். பிஸ்டன் மேல் களிமண் வைத்துக் கையால் இரண்டு சுற்று சுற்றி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. இருக்கிறதா, இன்டேக்கில் 2 இருக்கிறதா என்று பார்.

கேம் மூடிகளைக் கழற்றும்போது ஒரே பக்கம் முழுக்க லூஸ் பண்ணாதே. ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு சுற்றாக. ஸ்பிரிங் ஒரு பக்கம் தள்ளிக் கேம் சாய்ந்தால் அங்கேயே ஒடியும். அப்படி ஒடிந்த கேமைக் காட்டி "பலமில்லை" என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எண்ணெயும் பார். கன்வெர்ட்டர் உள்ள கார்களுக்கு வரும் ஏபிஐ எஸ்என் தர எண்ணெயில், 5டபிள்யூ-30 மாதிரி 30 கனத்தில், பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகாது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக. உன் காரில் கன்வெர்ட்டரே இல்லை. துத்தநாகமும் பாஸ்பரஸும் கூடுதலாக உள்ள ரேஸிங் எண்ணெய் ஊற்று.

அப்புறம், கேட்க மறந்தேன். அந்த லோப்பில் போன இரும்பு எங்கே போயிருக்கும் என்று யோசித்தாயா? ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார். ஹாக்சா போடாதே, அதன் தூளே உன்னை ஏமாற்றும். ஃபில்டர் கட்டர் தேடு.

வளைவு31

வெட்டினேன் அண்ணே. காகித மடிப்பைப் பிழிந்து வெள்ளைத் துணியில் தேய்த்தால் ஜிகினா மாதிரி மின்னுகிறது. காந்தம் வைத்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒட்டாத மஞ்சள், சாம்பல் துகள் எதுவும் இல்லை, அதனால் பேரிங் இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன். சந்தேகத்துக்கு சம்ப் இறக்கி 4ஆம் கான்ராட் பேரிங்கை மட்டும் திறந்தேன். இரண்டு மெல்லிய கோடு. மாற்றிவிடப் போகிறேன், ஆறையும்.

ஆயில் கூலரைக் கழுவிப் பார்த்தேன், உள்ளே இருந்தது வந்துகொண்டே இருக்கிறது. புதுசு வாங்கிவிட்டேன்.

இதற்கிடையில் ஸ்டாக் கேம், ஸ்டாக் ஸ்பிரிங், பழைய ஷிம் எல்லாவற்றையும் திரும்ப வைத்துப் பார்த்தேன். 4இல் 0.31, 0.30. 264 செட், ஸ்பிரிங், பக்கெட் எல்லாம் பில்லோடு ஆர்டர் போட்டாயிற்று. கீழ்ப்பகுதி வேலை முடிவதற்குள் வந்துவிடும். பிட்டிங் இந்த முறை நானே. டயல் கேஜ் இருக்கிறது, டிகிரி வீல்தான் (கேம் திறக்கும் கோணத்தை அளக்கும் சக்கரம்) இல்லை. யாரிடமாவது இரவல் கிடைக்குமா?

டூல்ரூம் தேவி

அரைத்த கேமை இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள், குறுக்கே வெட்டிக் கடினத்தைப் படிப்படியாக அளந்து படம் போடுகிறேன். தபால் செலவு என்னுடையது.

பழையஇரும்பு

டிகிரி வீல் என்னிடம் இருக்கிறது தம்பி. ஈப்போ வந்தால் எடுத்துப் போ. மைக்ரோமீட்டரைத் தவுக்கேயிடம் முதலில் திருப்பிக் கொடு.