ஃப்ளேக்கி டெஸ்ட்டை (கோடு மாறாமலே சில தடவை பாஸாகி, சில தடவை விழும் டெஸ்ட்டை) திரும்பத் திரும்ப ஓட்டி ஏமாந்த கதைகள்: உங்களுடையது என்ன?

பச்சைப்புள்ளி:
போன வருடக் கதை, இன்னும் உறுத்துகிறது. இன்வாய்ஸ் தேதி டெஸ்ட் ஒன்று சிஐயில் (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஸ்டத்தில்) மட்டும் அவ்வப்போது சிவப்பாகும், அதாவது விழும். டெஸ்டிங் பார்க்கும் க்யூஏ அக்கா டிக்கெட் போட்டிருந்தார். அந்த ஒரு டெஸ்ட்டை எடுத்து, திரும்பத் திரும்ப ஓட்டும் பைடெஸ்ட்-ரிப்பீட் ப்ளகினில் கவுன்ட் 100 வைத்து ஓட்டினேன். வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். "இங்கே வரவில்லை, உங்கள் மெஷினைப் பாருங்கள்" என்று எழுதி டிக்கெட்டை மூடினேன்.

மறுநாள் மெயின் பிராஞ்ச் சிவப்பு. அதே டெஸ்ட். தப்பு அதில் இல்லவே இல்லை. வேறொரு ஃபைலில் இருந்த டெஸ்ட், டைம்ஸோனை மாற்றிவிட்டுத் திருப்பி வைக்காமல் போயிருந்தது. சிஐயில் நான்கு வொர்க்கருக்கு (தனித்தனியாக ஒரே நேரத்தில் ஓடும் ப்ராசஸ்களுக்கு) டெஸ்ட்களைப் பிரித்துக் கொடுக்கிறோம். இரண்டும் ஒரே வொர்க்கரில் சேர்ந்து, அது முன்னால் ஓடினால்தான் இது விழும். நான் இதை மட்டும் தனியாக ஓட்டினால் ஆயிரம் தடவை ஆனாலும் பச்சைதான். டைம்ஸோனைச் சரி பண்ணியாயிற்று. "உங்கள் மெஷினைப் பாருங்கள்" மட்டும் அந்த டிக்கெட்டில் என் பெயரில் அப்படியே இருக்கிறது.

வட்டம்போட்டவர்:
கோ (Go) மொழியில் எழுதும் ஆட்களுக்கு இது புரியும். லூப் எழுதி, மொத்த ரெப்போவுக்கும் கோ டெஸ்ட்டை 50 தடவை ஓட்டினேன். சீக்கிரமே முடிந்துவிட்டது. நம்ம கோடு இவ்வளவு வேகமா என்று பெருமை வேறு. ஸ்கிரீன்ஷாட்டைக் குரூப்பில் போட்டேன். டீமிலேயே சின்னப் பையன் ஒருவன், வரிக்கு வரி கடைசியில் இருந்த 'கேஷ்டு' (முன்பே சேமித்து வைத்த ரிசல்ட்) என்ற சொல்லைச் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினான். முதல் ஓட்டம்தான் நிஜம், மீதி 49ம் பழைய ரிசல்ட். கவுன்ட்=1 கொடுத்தால் கேஷைத் தொடாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ரீட்ரை_போதும்:
எதற்கு இவ்வளவு பாடு? மூன்று ரீட்ரை போடுங்கள், ஒன்றில் பாஸானால் பாஸ். எங்கள் டீமில் இரண்டு வருடமாக இப்படித்தான். கூகுளே 2016இல் எழுதியது, மொத்த டெஸ்ட் ஓட்டங்களில் சுமார் 1.5% ஃப்ளேக்கி என்று. அவர்களாலேயே ஒழிக்க முடியவில்லை.

இரண்டு_பில்:
@ரீட்ரை_போதும் அதே பதிவில், அவர்களுடைய டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதத்தில் கொஞ்சமாவது ஃப்ளேக்கித்தனம் இருந்தது என்றும் இருக்கிறது. அதையும் படித்துவிட்டா சொல்கிறீர்கள்?

எங்களிடமும் ரீட்ரை இருந்தது. பேமென்ட் டெஸ்ட் ஒன்று முதல் தடவை விழும், இரண்டாவதில் எழும், பைப்லைன் பச்சை. யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஒரே ஆர்டருக்கு ஒருவரிடம் இரண்டு தடவை பணம் பிடித்த பிறகுதான் பழைய லாக்கைத் திறந்தோம். "எதிர்பார்த்தது 1, வந்தது 2." நான்கு மாதமாக அதையேதான் அந்த டெஸ்ட் சொல்லிக்கொண்டிருந்தது.

ரீட்ரை_போதும்:
அது டெஸ்ட் பிரச்சினை இல்லையே, உங்கள் கோடு பிரச்சினை.

இரண்டு_பில்:
அதைத்தானே ஐயா சொல்கிறேன்!

முந்நூறு:
என் கதை இரண்டே வரி: 20 தடவை ஓட்டி "சரியாகிவிட்டது" என்றேன், அன்று சாயங்காலமே விழுந்தது. ஆனால் இங்கே யாரும் கணக்கே பேசவில்லை, அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

நூற்றுக்கு ஒரு தடவை விழுகிற டெஸ்ட்டை 20 தடவை ஓட்டினால், அது ஒரு தடவையாவது விழ வாய்ப்பு சுமார் 18%தான். 100 தடவைக்கு 63%. 95% வேண்டுமென்றால் 299 தடவை ஓட்ட வேண்டும். அதனால் கோடைத் தொடுவதற்கு முன்னால் எத்தனைக்கு ஒரு தடவை விழுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் ஃபிக்ஸுக்குப் பிறகு எத்தனை பச்சை போதும் என்று எப்படிச் சொல்வீர்கள்?

இந்தக் கணக்கும் ஓட்டங்கள் ஒன்றையொன்று பாதிக்காதபோதுதான் செல்லும். பச்சைப்புள்ளி, உங்கள் கதையில் எண்ணிக்கை குறைவு என்பது பிரச்சினையே இல்லை. ரிப்பீட்டில் கவுன்ட் மட்டும் கொடுத்து மொத்தத்தையும் ஓட்டியிருந்தால்கூட, ஒவ்வொரு டெஸ்ட்டும் தன் நூறை முடித்துவிட்டுத்தான் அடுத்தது வரும். ரிப்பீட்-ஸ்கோப்பை செஷன் என்று வையுங்கள், எல்லாம் சுற்றிச் சுற்றி வரும். வரிசையைக் கலைத்துப் போடுங்கள், அந்தக் கலைப்பைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை லாக்கில் எழுதுங்கள். எழுதாவிட்டால் விழுந்த வரிசை திரும்பக் கிடைக்காது. பக்கத்திலேயே சிபியூவைத் தின்கிற வேறொரு வேலையையும் ஓடவிடுங்கள். இரண்டு நொடி காத்திருந்தால் போதும் என்று ஸ்லீப் 2 போட்டு எழுதிய டெஸ்ட் எல்லாம் அப்போது தானாக வெளியே வரும். அப்புறம்...

நள்ளிரவுபில்டு:
@முந்நூறு கொஞ்சம் மூச்சு விடுங்கள் சார் 🙂 பகலில் 300 என்ன, 3000 ஓட்டினாலும் விழாத டெஸ்ட் என்னிடம் இருந்தது. "இன்று" என்று ஒரு வரியில் கேட்கும், "நாளை" என்று அடுத்த வரியில் கேட்கும். தினமும் இரவில் ஓடும் நைட்லி பில்டு அந்த இடத்துக்குச் சரியாக 11:59:59க்கு வந்து சேர்ந்த இரவுகளில் மட்டும் நடுவில் தேதி மாறிவிடும். போலிக் கடிகாரத்தை 11:59:59க்கு வைத்து, கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி நகரவிட்ட பிறகு முதல் ஓட்டத்திலேயே பிடிபட்டது.

பச்சைப்புள்ளி:
எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் படித்துவிட்டு, ஒரு வழியாக அந்த அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினேன். இப்போது வேறு டீமில் இருக்கிறார். அந்த டிக்கெட்டை அப்படி மூடியது என் தப்பு, மன்னித்துவிடுங்கள் அக்கா என்று எழுதினேன்.

"எந்த டிக்கெட்டுப்பா?" என்று பதில் வந்திருக்கிறது.