குறுக்கீட்டை அழித்த பின்னும் கையாளி மறுபடி அழைக்கப்படுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். லினக்ஸ் கெர்னலில் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைக்கு இயக்கி எழுதி வருகிறேன். அட்டை பழைய ஐஎன்டிஎக்ஸ் வகைக் குறுக்கீட்டை, அதாவது ஓர் இணைப்பின் வழியே செயலியின் கவனத்தைக் கோரும் சைகையைப் பயன்படுத்துகிறது. அந்தச் சைகை வந்ததும் கெர்னல் அழைக்கும் என் நிரலான கையாளி, அட்டையின் நிலைப் பதிவகத்தைப் படித்து, அழிப்புப் பதிவகத்தில் ரைட்எல் மூலம் எழுதிவிட்டுத் திரும்புகிறது. ஆனால் பல வேளைகளில் திரும்பிய உடனேயே அது மறுபடி அழைக்கப்படுகிறது. அப்போது நிலைப் பதிவகத்தில் பூச்சியமே இருக்கிறது, அதாவது நிலுவையில் எதுவுமில்லை. எழுதிய பின் டபிள்யூஎம்பி தடுப்பை (எழுதும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை) சேர்த்தும் பயனில்லை. யூடிலே மூலம் சில மைக்ரோவினாடிகள் காத்திருந்தால் சிக்கல் மறைகிறது. பூச்சியம் வரும்போதும் 'ஐஆர்க்யூ ஹேண்டில்ட்' (இது என் சாதனத்தின் குறுக்கீடே, கவனித்தாயிற்று) என்றே திருப்பிவிடலாமா?

மறுமொழி 1:
உங்கள் தடுப்பு பயன்படாததில் வியப்பில்லை. தடுப்பு வரிசையைத்தான் உறுதிசெய்யும். எழுதியது சாதனத்தை எப்போது சென்றடையும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பிசிஐ பாட்டையில் நினைவக எழுத்துகள் (எழுதும் செயல்கள்) 'போஸ்டட்' வகையைச் சேர்ந்தவை என்பதால், செயலி மறுமொழிக்குக் காத்திராமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடுகிறது. எழுத்தோ இடையில் பாட்டைகளை இணைக்கும் பாலங்களின் இடையகங்களில் இன்னும் பயணித்துக்கொண்டிருக்கலாம். அது போய்ச் சேரும் முன் கையாளி முடிந்துவிட்டால், குறுக்கீட்டு இணைப்பு இன்னும் தாழாத நிலையில் கெர்னல் உங்களை மறுபடி அழைக்கத்தான் செய்யும்.

இரண்டாம் அழைப்பில் பூச்சியத்தைக் காண்பதற்கும் இதுவே காரணம். படிப்புக் கோரிக்கை தனக்கு முன் சென்ற எழுத்துகளை முந்த இயலாது. ஆகவே நிலைப் பதிவகத்தைப் படிக்கும் அந்தச் செயலே தேங்கியிருந்த அழிப்பைச் சாதனத்திடம் தள்ளிவிடுகிறது. தீர்வும் அதுவே: அழிப்பை எழுதியதும் அதே சாதனத்தின் ஒரு பதிவகத்தை ரீட்எல் மூலம் படித்துவிட்டுத் திரும்புங்கள். யூடிலே தற்செயலாகப் பலிக்கிறது. வேறொரு கணினியில் பாலங்கள் கூடினால் பலிக்காமல் போகலாம்.

'ஐஆர்க்யூ ஹேண்டில்ட்' என்று எப்போதும் திருப்புவதை நான் ஏற்கமாட்டேன். ஐஎன்டிஎக்ஸ் இணைப்பைப் பல சாதனங்கள் பகிரக்கூடும். ஒரு லட்சம் குறுக்கீடுகளில் 99,900-க்கு மேல் எவரும் உரிமை கோராதபோதுதான் கெர்னல் அந்த இணைப்பை முடக்குகிறது. பொய்யாக உரிமை கோரினால் அந்தக் காவலே செயலிழந்துவிடும்.

மறுமொழி 2:
மேற்கண்டதோடு உடன்படுகிறேன். எந்தப் பதிவகத்தைப் படிக்கிறீர்கள் என்பதில் மட்டும் கவனம் தேவை: படித்தாலே அழியும் பதிவகத்தைத் தேர்ந்தெடுத்தால், இடையில் வந்த புதிய நிகழ்வொன்றைத் தொலைத்துவிடுவீர்கள். பக்கவிளைவற்ற பதிப்பு எண் பதிவகம் போன்ற ஒன்று பாதுகாப்பானது. படிப்பு முடியும்வரை செயலி காத்திருக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு எழுத்தின் பின்னும் இதைச் செய்யாமல், கையாளி திரும்பும் முன் ஒருமுறை செய்தால் போதும்.

இதே பிழை மீட்டமைப்பு நிரல்களிலும் ஒளிந்திருக்கும். மீட்டமைப்பு பிட்டை எழுதி, பத்து மைக்ரோவினாடி காத்திருந்து, பிறகு விடுவிக்கும் நிரலில், முதல் எழுத்து தாமதமாகச் சேர்ந்தால் சாதனம் காணும் இடைவெளி பத்தைவிடக் குறைவாகிவிடும். காத்திருப்புக்கு முன்பே படித்துவிட வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. பதிப்பு எண் பதிவகத்தைப் படித்ததும் மறு அழைப்புகள் நின்றுவிட்டன. அட்டையில் எம்எஸ்ஐ (செய்தி வழிக் குறுக்கீடு) வசதியும் இருக்கிறது. அதற்கு மாறினால் இந்தப் படிப்பை நீக்கிவிடலாமா?

மறுமொழி 1:
இந்தக் காரணத்துக்காக மட்டும் வைத்திருந்தால் நீக்கலாம். எம்எஸ்ஐ முறையில் குறுக்கீடே நினைவகத்தில் எழுதப்படும் ஒரு செய்தி. தாழ்த்த வேண்டிய இணைப்பு எதுவும் அங்கில்லை. ஆனால் எம்எஸ்ஐ கிடைக்காத கணினிகளில் உங்கள் இயக்கி ஐஎன்டிஎக்ஸுக்குத் திரும்புமானால், அந்தப் பாதையில் படிப்பை விட்டுவையுங்கள்.