மகளுக்கு வீட்டு வேலை பழக்க கிறிஸ்தவப் புத்தகம் எது வாங்கலாம்?

பாளை அம்மா:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். என் மகளுக்கு எட்டு வயது. இந்த மே மாதம் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்ததும், வேத வசனத்தோடு சேர்த்துச் சமையல், தையல், வீட்டைப் பேணுவது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க ஆசை. தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கப் புத்தகங்கள்தான், விலையும் அதிகம். ஒன்றின் மாதிரிப் பக்கங்களைப் பார்த்தேன்: ஆப்பிள் பை, மேப்பிள் சிரப், குயில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வை. எங்கள் வீட்டில் ஓவனே கிடையாது. இன்னொன்று பெண்பிள்ளைக்குக் கல்லூரி எதற்கு என்கிற மாதிரி எழுதியிருக்கிறது. டாக்டராக வேண்டும் என்று சொல்லும் பிள்ளையிடம் அதைக் கொடுக்க மனம் வரவில்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கோவை சிஸ்டர்:
ஆங்கிலப் புத்தகத்தை அடியோடு ஒதுக்க வேண்டாம். எந்த வயதில் எந்த வேலை என்ற அட்டவணை மட்டும் உதவும். சமையல் பக்கங்களை விட்டுவிடுங்கள்.

நாசரேத் பாட்டி:
மகளே, நான் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். புத்தகம் வாங்குமுன் ஒன்றைப் பார். நீதிமொழிகள் 31-ஐ முழுதாகச் சொல்கிறதா, பாதியோடு நிறுத்துகிறதா? அந்தக் குணசாலியான ஸ்திரீ இருட்டோடே எழுந்து ஆகாரம் கொடுக்கிறாள், சரி. 16-ம் வசனத்தில் "ஒரு வயலை விசாரித்து அதை வாங்குகிறாள்." 20-ம் வசனத்தில் ஏழைகளுக்குக் கரங்களை நீட்டுகிறாள். அடுப்படி வசனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வயலையும் ஏழையையும் விட்டுவிடுகிற புத்தகம் வேண்டாம்.

படிப்பா வீட்டு வேலையா என்ற சண்டை நம் ஊருக்குப் பொருந்தாது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார், லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல் ஐயரைக் கல்யாணம் செய்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கைவேலையும் கூடவே வந்தது. அந்த லேஸ் விற்ற காசு பெண்களின் கைக்கே வந்தது. இதை உன் மகளிடம் கட்டாயம் சொல்.

புத்தகமே இல்லாமலும் தொடங்கலாம். முதலில் பிடி அரிசி. உலை வைக்குமுன் அரிசி அளந்ததும், அதிலிருந்து அவள் கையாலேயே ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடட்டும். ஞாயிற்றுக்கிழமை அவளே ஆலயத்துக்குக் கொண்டுபோகட்டும். சின்னக் கையில் எடுக்கும்போது விரலிடுக்கில் நாலு மணி சிந்தும், அதையும் பொறுக்கிப் போடச் சொல். "ஒன்றும் சேதமாய்ப்போகாதபடிக்கு" என்று ஆண்டவர் சொன்ன யோவான் 6-ஐ அன்றைக்கு வாசி. வசனமும் வேலையும் ஒரே நேரத்தில் போனால்தான் பிள்ளைக்கு ஒட்டும்.

தையலுக்குப் பழைய வேட்டித் துண்டு போதும். பென்சிலால் கோடு போட்டுக் கொடு, அதன்மேல் ஓட்டுத்தையல். கோடு நேராக வந்தபிறகு பட்டன் வைக்கச் சொல்லு. நூலை அவள் முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதே, சிக்கு விழுந்தால் அழுதுவிடுவாள். பட்டனும் காஜாவும் வந்தபிறகு விதவைகளுக்கு அங்கி தைத்த தொற்காளைப் பற்றி அப்போஸ்தலர் 9-ல் வாசியுங்கள். ஊசி பிடித்த பிள்ளைக்கு அந்தக் கதை வேறு மாதிரி கேட்கும்.

சமையலில் தீ வேண்டாம். முருங்கைக்கீரை உருவுவது, பயறு பொறுக்குவது போதும். கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து உருண்டை பிடிக்கச் சொல். மாவில் தோய்த்து எண்ணெயில் போடுவது உன் வேலை.

தூத்துக்குடி தம்பி:
பாட்டி சொன்னதோடு ஒன்று. வீட்டில் பையன் இருந்தால் அவனையும் சேருங்கள் அக்கா. யோவான் 21-ல் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டு, சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிட்டவர் ஆண்டவர்தான். அடுப்படி பெண்பிள்ளைக்கு மட்டும் என்று என் பிள்ளைகளிடம் என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் மீன் கழுவுவது மகன், மசாலா தடவுவது மகள்.

பாளை அம்மா:
நன்றி பாட்டி, மனசு லேசாகிவிட்டது. தம்பி, அவளுக்குக் கீழே ஒரு பையன் இருக்கிறான், அவனுக்குப் பயறு பொறுக்கக் கொடுத்துவிடுகிறேன். பாட்டி, ஊசி எந்த நம்பர் வாங்கட்டும்?

நாசரேத் பாட்டி:
நம்பர் பார்க்காதே. காது பெரிசாக, முனை மழுங்கலாக இருக்கும் டேப்பஸ்ட்ரி ஊசி என்று கேள். துணி மெல்லிசாக இருந்தால் எம்பிராய்டரி வளையத்தில் மாட்டிக் கொடு.