பொருள்: ‘கியூரேஷன்’ – களச் சேகரிப்புகளுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் (அவசரம்)

எழுத்தாணி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். தொல்லியல் மாணவர்களுக்கான களக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். மேற்பரப்பாய்வு, அகழாய்வுக் குழி, மண்ணடுக்கு எல்லாம் துறையில் புழங்கும் சொற்கள். அவற்றில் சிக்கல் இல்லை. ஆறாம் இயலில் வருகிற ‘கியூரேஷன்’தான் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

மேட்டிலும் வயலிலும் நடந்து பொறுக்கிய பானை ஓடு, கல்மணி, இரும்புக் கசடு இவற்றைக் கழுவி, எண்ணிட்டு, பதிவேட்டில் ஏற்றி, தக்க பெட்டியில் வைத்து, பின்னாளில் எவரேனும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் நிலையில் வைத்திருப்பது. இவ்வளவும் சேர்ந்ததற்கு ஒரு சொல் வேண்டும். ‘பாதுகாப்பு’ என்றால் வாசலில் காவலர் நிற்கிறார். ‘பராமரிப்பு’ மின்தூக்கிக்கும் உண்டு. ‘சேமிப்பு’ எப்போதோ வங்கிக்குப் போய்விட்டது.

வேர்ச்சொல் எழுதியது:

தம்பி, சொல் தொல்காப்பியத்திலேயே கிடக்கிறது. புறத்திணையியலில், தலைவனைப் போற்றிப் பாடும் பாடாண் பகுதியைப் பாருங்கள்: ‘காலங் கண்ணிய ஓம்படை’. காலத்தைக் கருதிச் செய்யும் காவல். நூற்பா எப்படி முடிகிறது? ‘காலம் மூன்றொடு கண்ணிய வருமே’. இறந்தகாலப் பொருளை நிகழ்காலத்தில் எதிர்காலத்துக்காகக் காப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்த மொழி தரும்? ஓம்படை. ஓம்படையகம், ஓம்படையாளர், ஓம்படைப் பதிவேடு என்று கிளைக்கவும் செய்யும்.

ஓலைநறுக்கு எழுதியது:

ஐயா, முன்னடிகளை விட்டுவிட்டீர்கள். ‘நாளும் புள்ளும் பிறவற்றின் நிமித்தமும்’ என்பதுதான் அதற்கு முந்தைய அடி. நாளும் புள்ளும் சரியில்லை என்று அஞ்சி, அரசனுக்குத் தீங்கு வரக்கூடாதே என்று சொல்லும் வாழ்த்து அது. பானை ஓட்டுக்குப் பல்லி சொல்லுமா?

அதோடு ‘ஓம்பு’ இரட்டை நாக்குள்ள சொல். காத்தல் என்றும் பொருள், தவிர்த்தல் என்றும் பொருள். நற்றிணை பத்தாம் பாட்டில் தோழி ‘நீத்தல் ஓம்புமதி’ என்கிறாள். கைவிடுதலைக் காப்பாயாக என்றா கேட்கிறாள்? கைவிடுதலைத் தவிர்ப்பாயாக என்கிறாள். சேகரிப்பு ஓம்படை என்று அச்சிட்டால் சேகரிக்காதே என்று ஒரு மாணவர் பொருள் கொள்ள இடமிருக்கிறது.

வேர்ச்சொல் எழுதியது:

நீங்களே எனக்கு வழக்காடிவிட்டீர்கள். அந்தப் பாட்டே ஓர் ஓம்படைதான். தலைவியைத் தலைவன் கையில் ஒப்படைக்கும் தோழி, மேனி தளர்ந்தாலும் கூந்தல் நரைத்தாலும் இவளைக் கைவிடாதே என்கிறாள். களத்தில் பொறுக்கியவர் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியதும் அதுதானே!

கிடங்குக்காரி எழுதியது:

பாட்டு நன்றாக இருக்கிறது, ஐயா. நான் சேமிப்பறையில் வேலை பார்க்கிறவள். நரைப்பது கூந்தல் அல்ல, பையில் ஊர் எழுதி வைக்கும் சீட்டு.

ஒரு பை வந்தது. உள்ளே நல்ல கறுப்பு-சிவப்பு ஓடுகள், இரண்டில் கீறல் குறியீடு. சீட்டைப் பந்துமுனைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். பை ஒரு மழைக்காலத்தை ஈரத் தரையில் கழித்திருக்கிறது. மை ஊதாக் கறையாகப் பரவிவிட்டது, மிச்சத் தாளை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. ஓடு இருக்கிறது, ஊர் இல்லை. ஊர் தெரியாத ஓட்டை வைத்து ஆய்வாளர் என்ன செய்வார்?

அதனால்தான் பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில் என்று படித்துப் படித்துச் சொல்கிறோம். ஓட்டிலேயே எண் எழுதுவதானால் உட்பக்கத்தில், உடைந்த விளிம்பில் படாமல், பாரலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்து ஒரு பூச்சு, காய்ந்ததும் இந்தியன் இங்க், அதன்மேல் மறுபூச்சு. தவறாக எழுதிவிட்டால் அசிட்டோனால் துடைத்துவிடலாம், ஓட்டுக்குச் சேதமில்லை. கடலோர ஊர் ஓடுகளில் உப்பு ஊறியிருக்கும். நன்னீரில் பலமுறை ஊறவைத்து உப்பை இறக்காமல் அடுக்கினால், அது படிகமாகி மேற்பரப்பைப் பொரித்துத் தள்ளிவிடும். இரும்பு என்றால் காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். அந்த ஜெல்லை அவ்வப்போது மாற்ற ஆளும் வேண்டும்.

மேற்பரப்பில் பொறுக்கியதை மறுபடி பொறுக்க முடியாது. பல மேடுகள் இன்று மனைப்பிரிவு. அந்த மேட்டைப் பற்றி மிஞ்சிய ஒரே சாட்சி என் அலமாரியில் இருக்கும் பைதான். ஆகவே சொல் எதுவானாலும் ‘வைப்பு’ என்று மட்டும் முடிக்காதீர்கள். வைத்துவிட்டுப் போவதுதான் இங்கே நோயே.

நெய்தல்நிலம் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். எங்கள் பக்கம் அருங்காட்சியகத்துக்கு நெடுங்காலமாக ‘நூதனசாலை’ என்றுதான் பெயர். நூதனம் என்றால் புதுமை. பழம்பொருள் எல்லாவற்றையும் புதுமைச்சாலையில் வைத்திருக்கிறோம், ஒருவரும் குழம்பவில்லை. ஆகையால் சொல்லின் வேரைத் தோண்டித் தோண்டிப் பொருள் காண்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ‘சேமவைப்பு’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கும்.

வேர்ச்சொல் எழுதியது:

சேமம் வடசொல் என்பார்கள், நான் ஒப்பமாட்டேன். ஏமமே முந்தையது. ஏமம் காவல், அதிலிருந்துதான் சேமம் கிளைத்தது, க்ஷேமம் என்று ஆனதெல்லாம் பிறகு. இதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஓலைநறுக்கு எழுதியது:

எழுதவேண்டாம், ஐயா. போன ஆண்டு எழுதிய மடலே இன்னும் முடியவில்லை. ஏமத்துக்கு இன்பம் என்றும் பொருள், இரவு என்றும் பொருள். எழுத்தாணிக்கு வெள்ளிக்கிழமை கெடு.

பழைய ஆட்சியிலிருந்தே எடுப்பதானால் ‘பண்டாரம்’ இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் பொருள் சேரும் இடம் ஸ்ரீபண்டாரம். சுவடிகள் காத்த இடத்துக்குச் சரஸ்வதி பண்டாரம் என்று பெயர். வரவு, இருப்பு, பொறுப்பாளர் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் உண்டு. இன்று பண்டாரம் என்றால் திருவோட்டோடு வீட்டு வாசலில் நிற்பவர் என்று ஆகிவிட்டதுதான் தடை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் பொருத்தம் என்று வேண்டுமானால் தேற்றிக்கொள்ளலாம். ‘கிடங்கு’ என்பதும் பழம்பாட்டில் அகழிதான். பொருள் வைக்கும் கூடமாகப் பிறகு மாறியது. சொற்கள் இப்படித்தான் இடம் மாறிக் குடியேறுகின்றன.

ஆனால் கிடங்குக்காரி அம்மா சொன்னது எனக்குப் படுகிறது. நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்ததை எல்லோரும் சொல்கிறார்கள். அதன்பின் அவர் ஆண்டுக்கணக்கில் பொறுக்கியதை ஊர்வாரியாக அட்டவணை போட்டு வைத்தார். 1904இல் அந்தத் தொகுப்பு சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. அவர் 1912இல் இறந்தார். அட்டவணையும் குறிப்புகளும் 1914, 1916இல் அச்சேறின. இன்றும் ஒரு கல்லைக் கையில் எடுத்தால் எந்த ஊர் என்று சொல்ல முடிகிறதென்றால் கல்லால் அல்ல, அந்த அட்டவணையால்.

இன்னொன்று, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது, உட்புறம் வளையமாகப் புள்ளிக் கோலம் பதித்த ரௌலட்டட் தட்டுகளை மத்தியதரைக்கடல் பக்கத்து வரவு என்று கருதினார். பின்னாளில் ஓடுகளின் களிமண்ணைச் சோதித்தவர்கள் அவை இந்தியத் துணைக்கண்டத்திலேயே வனையப்பட்டவை என்று காட்டினார்கள். வீலர் கையில் அந்தச் சோதனைக் கருவிகள் இல்லை. ஓடுகள் மட்டும் இருந்தன. ‘எழுதி முடித்தாயிற்று, இனி எதற்கு’ என்று ஓடுகளை வீசுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். எழுத்தாணி, உங்கள் ஆறாம் இயலில் இது உண்டா? இல்லையென்றால் சொல்லைவிட அதைச் சேர்ப்பது முக்கியம்.

எழுத்தாணி எழுதியது:

அரிக்கமேடு இருக்கிறது, பூட் இல்லை, சேர்க்கிறேன். சொல் இன்னும் இல்லை.

கிடங்குக்காரி எழுதியது:

நான் ஒன்று கேட்கிறேன். நம் அரசு அருங்காட்சியகங்களில் கியூரேட்டரின் அறை வாசலில் என்ன பலகை தொங்குகிறது? ‘காப்பாட்சியர்’. நாளேட்டிலும் அப்படித்தான் வருகிறது. காப்பாட்சியர் செய்கிற வேலை காப்பாட்சி. பொருள் இருக்கும் அறை காப்பாட்சி அறை. ஆள் ஏற்கெனவே பதவியில் இருக்கிறார், வேலைக்கு மட்டும் ஏன் புதுப்பெயர் தேடுகிறோம்?

நெய்தல்நிலம் எழுதியது:

எங்களுக்கு ‘ஆட்சி’ என்றாலே கொஞ்சம் உறுத்தும். ஆனாலும் விளங்குகிறது. ஆதரிக்கிறேன்.

வேர்ச்சொல் எழுதியது:

காப்பு என்றால் வளையல், காப்பு என்றால் விலங்கு, காப்பு என்றால் நூல் முகப்புச் செய்யுள். இதில் ஆட்சி வேறு. மாவட்ட ஆட்சியரைப் பார்த்து எவரோ அலுவலகத்தில் ஒட்டவைத்த சொல் இது. அலுவலகத் தமிழ் வாலைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் ஆற்றைக் கடக்கப் பார்க்கிறீர்கள்.

ஓலைநறுக்கு எழுதியது:

அலுவலகத்தில் பிறந்தாலும் சொல் சொல்தான். பலகையில் எழுதி மக்கள் படித்துப் பழகிவிட்டார்கள். காப்பு, பேணல், பதிவு, கணக்கு எல்லாவற்றையும் ஓர் ஆளின் பொறுப்பில் சேர்க்கிறது ‘ஆட்சி’. அம்மா அஞ்சிய ‘வைத்துவிட்டுப் போவது’ இதில் இல்லை. என் கை காப்பாட்சிக்கு. பண்டாரத்தை மன வருத்தத்தோடு திரும்பப் பெறுகிறேன்.

எழுத்தாணி எழுதியது:

நன்றி. ‘காப்பாட்சி’ என்று போட்டு இன்றே அனுப்பிவிட்டேன். இடத்துக்கு ‘காப்பறை’ என்று சுருக்கிவிட்டேன். ‘காப்பாட்சி அறை’ அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. வேர்ச்சொல் ஐயாவுக்காகச் சொல்லடைவில் ‘ஓம்படை’யையும் மாற்றுச் சொல்லாகச் சேர்த்திருக்கிறேன்.

வேர்ச்சொல் எழுதியது:

சொல்லடைவில் ஒதுக்கிடம் கொடுத்ததற்கு நன்றி. இரண்டாம் பதிப்பில் இடம் மாறும். அதுவரை என் மாணவர்களுக்கு ஓம்படை என்றே சொல்லிக்கொடுப்பேன். ஏமம் பற்றிய மடல் தனியே வருகிறது.

கிடங்குக்காரி எழுதியது:

வரட்டும், ஐயா. எழுத்தாணி, பூட் பகுதியைச் சேர்க்கும்போது சீட்டைப் பென்சிலில் எழுத வேண்டும் என்பதையும் தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள்.