புதுப்பிப்பு: நிலத்தடி நீர் மாதிரியில் சாயம் கிணற்றுக்கு நகர்ந்துவிட்டது

மாணவர்களுக்குக் காட்ட, கண்ணாடித் தொட்டியில் சரளை, களிமண், மணல் அடுக்கிச் செய்த நிலத்தடி நீர் மாதிரியில், மாசுக்குப் பதிலாக விட்ட சாயம் ஊற்றிய இடத்திலேயே நிற்கிறதே, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, தொட்டியின் ஒரு முனையை உயர்த்தச் சொன்ன யோசனைதான். மேட்டுப்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பள்ளப்பக்கம் வடியவிட்டோம். நீர்மட்டம் சரிந்ததும் சிவப்புச் சாயம் மணலுக்குள் நாக்கு நீட்டியதுபோல் நகர்ந்து பள்ளப்பக்கக் கிணற்றை எட்டியது. கிணறாக வைத்த சோப்பு பாட்டில் பம்பின் குழாய் முனையில் மெல்லிய துணி கட்டினால் மணல் அடைக்காது.

எதிர்பாராதது: மேட்டுப்பக்கக் கிணற்றில் வேகமாக இறைத்தபோது சாயம் அங்கேயும் ஏறி வந்தது! அப்புறம், நல்ல தண்ணீர் எவ்வளவு விட்டும் களிமண்ணில் ஏறிய நிறம் போகவில்லை. மாணவர்கள் அதிகம் கேள்வி கேட்டது அதைப் பற்றித்தான்.